கைப்பிரேக் போட்டும் நகர்ந்த ஜீப்

என் சித்தப்பா நல்லக்கண்ணு வைத்த நிபந்தனை நியாயமானதுதான். சக்கரம் கழற்றி மாட்டத் தெரியாத ஆள் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்கக் கூடாது. இதை அவர் இட்லிக்கும் காப்பிக்கும் நடுவே, தம் சிநேகிதர் மசூது ராவுத்தரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, என் சித்தி முத்துவடிவிடம் சொன்னார். எதிராளியால் முடியாது என்ற நம்பிக்கை பலமாக இருக்கும்போதுதான் மனிதர்களுக்கு இவ்வளவு நியாயமான நிபந்தனைகள் தோன்றுகின்றன.

சித்திக்குப் பண்பொழி அருகே மலையடிவாரத்தில் ஒரு தோப்பு உண்டு. அவள் அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்தது. தென்னையும் மாவும் நிற்கும். அதைப் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று பங்குனியில் கேட்டாள். சித்தப்பா ‘நாளைக்குப் போவோம்’ என்றார். இப்போது ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரலும் தொடங்கிவிட்டது. மாங்காய் காய்த்து, பழுத்து, குரங்கு தின்று, கொட்டையும் முளைத்திருக்கும். கடைசியில் சித்தி, “நீங்க வரவே வேண்டாம். சாவியக் குடுங்க, நானே ஓட்டிட்டுப் போயிட்டு வாரேன்” என்றாள்.

அது 1958. தென்காசிப் பக்கம் அப்போது மோட்டார் ஓட்டிய பெண் யாரையும் நான் பார்த்ததில்லை. ஓட்ட ஆசைப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்டதும் இல்லை. சித்தி பல வருஷமாகச் சித்தப்பாவுக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து அவர் கால் எதை மிதிக்கிறது, கை எதை இழுக்கிறது என்று பார்த்துப் பார்த்து, வண்டி ஓட்டுவதை மனப்பாடம் செய்திருந்தாள். வீட்டு முற்றத்தில் முன்னும் பின்னும் உருட்டியும் பார்த்திருந்தாள். ரோட்டுக்கு மட்டும் இறங்கியதில்லை.

“ஏட்டி, வழியில பஞ்சர் ஆச்சுன்னா என்னத்தச் செய்வ? பண்பொழி ரோட்டுல பனைமரத்தையா கூப்பிடுவ, வந்து ஜாக்கி வையின்னு?” என்றார் சித்தப்பா.

“நானே மாத்துவேன்.”

“மாத்துவியா? சரி. இந்தா நிக்கி வண்டி, பஞ்சரோட. நானும் ராவுத்தரும் குத்தாலத்துல குளிச்சிட்டு வாரதுக்குள்ள மாத்திப்போடு. சாவி உனக்கு. ஆம்பளை ஒருத்தனும் கை வைக்கப்பிடாது. என்ன வே, சரிதான?”

ராவுத்தர் தறி போட்டுத் துணி வியாபாரம் செய்பவர். எந்தப் பேச்சையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் கிழிப்பார். “அப்ப இந்தப் பய?” என்று என்னைக் காட்டினார்.

நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் திறக்கும்வரை மேலகரத்தில் இருந்த இந்தச் சித்தி வீட்டில் தங்கி, இட்லி தின்பதை முக்கிய வேலையாகச் செய்துவந்தேன். சித்தப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சுடலையாண்டியா? அவன் காலேஜ்ல படிக்கான்லா. ஆம்பளைக் கணக்குல வர மாட்டான். வாய் மட்டுந்தான் வேலை செய்யும். வேணும்னா வச்சுக்கிடட்டும்.”

இப்படியாக நான் செல்லாது என்று தீர்ப்பாகி, சித்தியின் உதவிக்கு அனுமதிக்கப்பட்டேன். சித்தப்பா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக இருவரும் ஜட்கா ஏறிப் போனார்கள்.

ஜீப், யுத்தம் முடிந்த பிறகு பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளியது. சித்தப்பா அதை வாங்கி வந்தபோது பச்சையாக இருந்ததாம். நான் பார்க்கும்போது அதற்கு ஒரு நிறம் என்று சொல்ல முடியாது. முந்தின நாள் சாயங்காலம் முற்றத்துக்குள் வந்து நின்றதும், வலப்பக்கத்துப் பின்சக்கரம் ‘உஸ்’ என்று காற்றை விட்டுவிட்டது. அந்த முற்றம் வீட்டிலிருந்து ரோட்டைப் பார்க்க லேசான சரிவு. ஜீப்பின் மூஞ்சி வீட்டைப் பார்த்திருந்தது, முதுகு வாசல் கேட்டை. இது அப்போது எங்களுக்கு ஒரு செய்தியாகவே படவில்லை.

சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். முதலில் சக்கரத்தின் நட்டுகளை இளக்கினாள். ஸ்பானரை மாட்டி, அதன் மேல் ஏறி நின்றாள். அது ‘க்ரீச்’ என்று இறங்கியது.

“வண்டியத் தூக்கிட்டுல்லா இளக்கணும்?” என்றேன்.

“தூக்கிட்டு அது மேல ஏறி நின்னா வண்டி என் மேல வந்து நிக்கும். கைப்பிரேக்க இழுத்துப் போட்டியாலே?”

“போட்டாச்சு.”

இரண்டு கையாலும் இழுத்துப் போட்டிருந்தேன். அந்த வீட்டில் அன்று எனக்குப் பூரண நம்பிக்கை இருந்த ஒரே பொருள் அந்தக் கைப்பிரேக்தான்.

ஜாக்கி, தடி போட்டுத் திருகுகிற வகை. அதைப் பின்சக்கரத்தின் இரும்பு அச்சுக்குக் கீழே வைத்துத் திருக ஆரம்பித்தேன். நன்றாகத் திருகியது. திருகத் திருக ஜாக்கி உயர்ந்தது. ஜீப் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது சித்தி குனிந்து பார்த்தாள்.

“ஏலே, நீ ஜீப்பத் தூக்கலை. பூமிய அமுக்கிக்கிட்டு இருக்க.”

சாரலில் ஊறிய செம்மண்ணுக்குள் ஜாக்கியின் அடிப்பாகம் பாதி போயிருந்தது. மிச்சத்தையும் திருகியிருந்தால் கிணறு வெட்டிய புண்ணியம் கிடைத்திருக்கும். ஜாக்கியைத் தோண்டி எடுத்தோம். கீழே வைக்க அகலமான பலகை வேண்டும். சித்தி உள்ளே போய் ஒரு தேக்கு மணையோடு வந்தாள். பித்தளைப் பூண் போட்டது.

“இது எது சித்தி?”

“கல்யாணத்தன்னைக்கு உங்க சித்தப்பாவ உக்கார வச்சது. அதுக்குப் பிறகு ஒரு வேலையும் பாக்காமச் சும்மாதான் கெடக்கு.”

மணையைச் சொன்னாளா, அவரைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

மணை மேல் ஜாக்கி ஒழுங்காக நின்றது. திருகினேன். இப்போது ஜீப்தான் உயர்ந்தது. காற்றுப் போன டயர் மண்ணை விட்டுக் கிளம்பி, ஒரு விரல் நுழையும் சந்து தெரிந்தது. சித்தி சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து நட்டின் மேல் கை வைத்தாள். வைத்தவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

ஜீப் நகர்ந்தது.

சத்தம் எதுவும் இல்லை. யாரோ கூப்பிட்டது மாதிரி பின்பக்கமாக, மெதுவாக, ஒரு முழம் போனது. ஜாக்கி சாய்ந்தது. ஜீப் ‘தொப்’ என்று தன் சக்கரத்தின் மேலேயே விழுந்தது. ஜாக்கித் தடி என் முழங்காலுக்குப் பக்கத்தில் பறந்து போய்த் துளசிச் செடிக்குள் விழுந்தது.

“அடியாத்தீ!” என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டுப் பேராச்சி. அவள் தலை எப்போது சுவருக்கு மேல் முளைத்தது என்று தெரியாது. “ஏட்டி முத்துவடிவு, கையி காலு இருக்கா?”

“இருக்கு மதினி.”

“அந்தப் பயலுக்கு?”

“அவனுக்கும் இருக்கு. உபயோகந்தான் இல்லை.”

சக்கரத்தைக் கழற்றிய பிறகு இது நடந்திருந்தால், வெறும் இரும்புதான் இறங்கியிருக்கும். இறங்கிய இடத்தில் சித்தியின் கை இருந்திருக்கும். இது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. இந்த இடத்தில் மற்றவர்களாக இருந்தால் சாமி கும்பிட்டுவிட்டு உள்ளே போயிருப்பார்கள். சித்தி எழுந்து போய்க் கைப்பிரேக்கை அசைத்துப் பார்த்தாள். அது போட்டபடியே இறுகிக் கிடந்தது.

“போட்டது போட்டபடி இருக்கு. பின்ன ஏன் போச்சு?”

“வழுக்கியிருக்கும் சித்தி. ஈர மண்ணுல உராய்வு கம்மி. அதுக்கு ஒரு சூத்திரம் இருக்கு...”

“உன் சூத்திரத்த அங்கன வையி. இங்கன வா.”

எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்திருந்தாள். ஜீப் நகர்ந்த ஒரு முழத்துக்கும் செம்மண்ணில் டயரின் தடம் பதிந்திருந்தது. பூவும் வரியும் துல்லியமாக இருந்தன.

“வழுக்கியிருந்தா சேறு இழுபட்டுல்லா இருக்கும்? இது முறுக்குப் பிழிஞ்ச மாதிரி அச்சு அச்சா விழுந்திருக்கு. இந்தச் சக்கரம் சுத்திருக்குலே. பிரேக்குப் போட்ட சக்கரம் எப்படிச் சுத்தும்?”

என் சூத்திரம் அத்தோடு முடிந்தது.

“இன்னொண்ணு பாத்தேன்” என்றாள். “நான் கைய வச்சிருந்தேன்லா, மேல தூக்கி நின்ன சக்கரம், அதுவும் சுத்துச்சு. ஆனா வண்டி பின்னால போகுது, அது முன்னால சுத்துது.”

நான் நம்பவில்லை. ஒருவர் நேரில் பார்த்ததை நம்பாமல் இருப்பதற்கு எங்களுக்குக் காலேஜில் நல்ல பயிற்சி உண்டு. ஆனாலும் குறுகுறுப்புத் தாங்கவில்லை. ஜீப் தன் நான்கு சக்கரத்திலும் உட்கார்ந்திருந்த தைரியத்தில், பக்கவாட்டில் குப்புறப் படுத்துத் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். கைப்பிரேக்கின் கம்பி எந்தச் சக்கரத்துக்கும் போகவில்லை. வண்டியின் நடுவில், நீளமாக ஓடும் ஒரு தண்டின் நுனியில் செம்பு அளவுக்கு ஒரு உருளை இருந்தது. கம்பி அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. தண்டு பின்னால் போய், அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரி புடைத்திருந்த ஒரு இரும்புக்குள் நுழைந்தது. அங்கிருந்துதான் இரண்டு சக்கரத்துக்கும் வழி.

“சித்தி, பிரேக்கு சக்கரத்தப் பிடிக்கலை. தண்டத்தான் பிடிக்கி.”

“தண்டு நின்னா சக்கரமும் நிக்கணும்லா?”

“நடுவுல ஒரு பூசணிக்காய் இருக்கு.”

“அதுக்குள்ள என்ன இருக்கு?”

அதற்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு படமே உண்டு. பரீட்சைக்கு வராது என்று சீனியர்கள் உறுதியளித்திருந்ததால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டிருந்தேன். நினைவில் நின்ற அளவுக்குச் சொன்னேன். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் ஓட வேண்டும். அதற்காக உள்ளே பல்சக்கரங்கள் வைத்து, இது கூடினால் அது குறையும்படி செய்திருக்கிறார்கள்.

சித்தி இரண்டு கையையும் தராசு மாதிரி நீட்டினாள்.

“தராசோட நடுக் கயித்த நீ இறுக்கிப் பிடிச்சுக்கிட்ட. தட்டு ரெண்டும் சும்மா இருக்குமா? இது இறங்குனா அது ஏறும். ரெண்டு சக்கரமும் மண்ணுல இருக்கையில ஒண்ணுக்கொண்ணு எதுத்துச் சுத்த முடியாது. அதனால வண்டி நிக்கி. ஒண்ண நாம தூக்கிவிட்டோம். அதுக்கு வெறும் காத்துதான். அது முன்னால போகுது, இது பின்னால போகுது. அப்படித்தான?”

“அப்படித்தான் இருக்கணும்.”

“இருக்கணும்னா? பாத்துருவோம்.”

“சித்தி, சித்தப்பா வாரதுக்குள்ள சக்கரத்த மாத்தணும். சாவி...”

“சக்கரத்த மாத்திட்டு, ஏன் ஓடுச்சுன்னு தெரியாம, தோப்புக்குப் போற வழியில யார நசுக்கச் சொல்லுத?”

பார்ப்பதற்கு முதலில் வண்டி ஓடாமல் இருக்க வேண்டும். முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடினோம். அந்த வட்டாரத்துக் கல்லெல்லாம் சிற்றாற்றில் உருண்டு உருண்டு முட்டை மாதிரி ஆனவை. வைத்தால் ஜீப்புக்கு முன்னால் அவை ஓடும். பேராச்சி சுவருக்கு மேல் தன் வீட்டு அம்மிக் குழவியை நீட்டினாள்.

“மதினி, அது உருண்டைல்லா?”

“உருண்டைன்னா என்ன, கனமா இருக்கே.”

“கனமா உருளும்.”

எங்கள் வீட்டு அம்மியை இருவரும் புரட்டிக்கொண்டு வந்து முன்சக்கரத்துக்கு முன்பக்கம் போட்டோம். ஆனால் சரிவு பின்பக்கம். பின்பக்கத்துக்குத்தான் நல்ல முட்டு வேண்டும். சித்தி முற்றத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். அவள் கண் கொட்டகைச் சுவரில் இருந்த மாடக்குழியில் போய் நின்றது. அங்கே ஜீப்பு மாடசாமி இருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தப்பா ஜீப் வாங்கிய வருஷம், ஆயுத பூஜைக்கு வண்டியில் இருந்த சாமான்களையெல்லாம் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். பூஜை முடிந்து ஸ்பானர் ஸ்பானர் இடத்துக்கும் ஜாக்கி ஜாக்கி இடத்துக்கும் போயின. முக்கோணமாகச் செதுக்கிய கனத்த மரக்கட்டை ஒன்று மட்டும் மிஞ்சியது. அது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. இன்ன வேலைக்கு என்று தெரியாத ஒன்று பூஜையில் நின்றுவிட்டால், பிறகு அதை எடுக்க யாருக்கும் துணிச்சல் வராது. அடுத்த வருஷம் அதற்குப் பூ கிடைத்தது. அதற்கடுத்த வருஷம் சித்தப்பா அச்சன்கோயில் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் இறங்கி, உயிரோடு வந்து சேர்ந்தார். அன்றுமுதல் அதற்குப் பேரும் எலுமிச்சம்பழமும் கிடைத்தன. வெள்ளிக்கிழமை தவறாது.

சித்தி போய் அவர் முன்னால் நின்றாள். அவள் கண்கள் அவருடைய சரிவான பக்கத்தை அளந்தன.

“ஏலே, ஒரு செம்பு தண்ணி கொண்டா.”

அபிஷேகம் போலத்தான் நடந்தது. பல வருஷத்துச் சந்தனம் கரைந்து வழிந்தது. உள்ளே பச்சைப் பெயிண்ட். அதன் மேல் வெள்ளையில் பட்டாளத்து ஆங்கில எழுத்துகள், பக்கத்தில் ஒரு அம்புக்குறி.

“என்ன எழுதியிருக்கு?”

“சக்கரத்துக்கு முட்டுக்கட்டைன்னு. இந்தப் பக்கம் சக்கரத்தப் பாத்து இருக்கணுமாம்.”

சித்திக்குச் சிரிப்பு வந்தது; சிரிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அவரை இரண்டு கையாலும் தூக்கினாள்.

“ஏட்டி!” பேராச்சி சுவரில் இன்னும் ஒரு சாண் உயர்ந்தாள். “சாமியக் கொண்டு சக்கரத்துக்குக் கீழயா வைக்கப் போற?”

“கீழ இல்ல மதினி, பின்னால. காவல் சாமின்னா பின்னால நின்னுதான காக்கணும்? மாடத்துக்குள்ள இருந்து என்னத்தக் காக்க?”

பேராச்சி யோசித்தாள். “அதுவும் சரிதான். ஆனா செருப்புக் கால் படாமப் பாத்துக்கோ.”

மாடசாமி முன்சக்கரத்துக்குப் பின்னால் கச்சிதமாகப் பொருந்தினார். அவர் அந்த இடத்துக்காகவே பிறந்தவர் என்பதால் இதில் அதிசயம் இல்லை. சித்தி இளக்கிய நட்டுகளைத் திரும்ப இறுக்கினாள். ஸ்டெப்னிச் சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்கப் போட்டாள். விறகு பிளக்கிற அடிமரத்தையும் உருட்டி உள்ளே தள்ளினாள். “விழணும்னு இருந்தா அது மேல விழட்டும். நம்ம மேல வேண்டாம்.” மணையையும் ஜாக்கியையும் நடுவில், பூசணிக்காய்க்குக் கீழே, வைத்துத் திருகினோம். பின்பக்கம் முழுவதும் உயர்ந்தது. இரண்டு சக்கரமும் அந்தரத்தில் நின்றன. கைப்பிரேக் இறுகப் போட்டபடி இருந்தது.

“நீ அந்தப் பக்கம் போய்ப் பாரு. தொடாத” என்றாள். வலப்பக்கச் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளினாள்.

என் எதிரே இருந்த சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது.

“சுத்துது சித்தி! பின்னால!”

“எங்க, நான் பாக்கேன், நீ இங்கன வந்து தள்ளு!”

நான் தள்ளினேன், அவள் பார்த்தாள். அவள் தள்ளினாள், நான் பார்த்தேன். பேராச்சி வீட்டைச் சுற்றிக்கொண்டு கேட் வழியாகவே வந்துவிட்டாள். ஒரு சக்கரத்தைத் தள்ளிவிட்டு, மறுபக்கம் ஓடிப்போய் அது எதிர்த்திசையில் சுற்றுவதைப் பிடிக்கப் பார்த்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அது நின்றுவிடும். “என்னைய ஏமாத்துது பாரு” என்று திரும்ப ஓடுவாள். இரும்புக்குள் என்னமோ ‘கொணகொண’ என்று பேசிக்கொண்டது. அது என்ன பேசுகிறது என்பது எங்களுக்குத் தெரியும் என்பதில் மூன்று பேருக்கும் ஒரு கர்வம் வந்துவிட்டது. சோறு வைக்கவில்லை. உலையே ஏற்றவில்லை. நேரம் என்று ஒன்று இருப்பது ஜட்கா மணிச் சத்தம் கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது.

சித்தப்பா இறங்கினார். அருவியில் குளித்துவிட்டு வருகிறவனுக்குப் பசியைத் தவிர வேறு சிந்தனை இருக்காது என்பார்கள். ஆனால் அவர் கண் நேராக முன்சக்கரத்துக்குத்தான் போனது.

“மாடசாமி!” என்றார். “ஏட்டி... சாமிய... சக்கரத்துல...”

“அவரு வேலைய அவரு பாக்காரு. எழுதியிருக்கு, சுடலை வாசிப்பான்.”

நான் வாசித்தேன். சித்தப்பா கேட்டார். இத்தனை வருஷத்து எலுமிச்சம்பழங்கள் அவர் முகத்தில் தெரிந்தன. ராவுத்தர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு முருங்கை மரத்தைப் பார்த்தார். சித்தப்பாவின் கோபம் திசை மாறி வேறு வழி தேடியது. அப்போதுதான் பின்சக்கரம் கண்ணில் பட்டது. காற்றுப் போன அதே டயர்.

“சக்கரத்த மாத்தலை!” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. “வே ராவுத்தரே, பாத்தீரா? மாத்தவே இல்லை!”

ராவுத்தர் குனிந்து பார்த்தார். “மாத்தலை” என்றார் வருத்தத்தோடு. “தங்கச்சி, பேச்சு பேச்சுதான். வாரதுக்குள்ள மாத்தணும்னுதான் பேச்சு.”

“தெரியும் அண்ணாச்சி” என்றாள் சித்தி. “நாந்தான் நேரத்த விட்டுட்டேன்.”

“இதுக்குத்தான் சொன்னேன்” என்றார் சித்தப்பா. “கைப்பிரேக்க இழுத்துப் போட்டமா, ஜாக்கிய வச்சமா, மாத்துனமான்னு இருக்கணும். அதுக்குப் போயி அம்மிய ஒரு பக்கம், சாமிய ஒரு பக்கம்...”

“கைப்பிரேக்கு இப்பவும் போட்டுத்தான் இருக்கு” என்றாள் சித்தி. “அந்தச் சக்கரத்தத் தள்ளுங்க.”

“என்னத்துக்கு?”

“தள்ளுங்களேன்.”

சித்தப்பா ஒரு விரலால் தள்ளினார். ராவுத்தர் அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

“வே நல்லக்கண்ணு,” என்றார் ராவுத்தர், “இங்கன ஒருத்தன் ரிவர்ஸ்ல போறான்.”

சித்தப்பா கைப்பிரேக்கைப் போய்ப் பார்த்தார். இன்னும் ஒருமுறை இழுத்தார். திரும்ப வந்து தள்ளினார். ஓடிப்போய் அந்தப் பக்கம் பார்த்தார். பேராச்சி “நில்லாது, ஏமாத்தும்” என்று அனுபவத்தோடு எச்சரித்தாள். நான் பூசணிக்காயை விளக்கினேன். சித்தி தராசை விளக்கினாள். மண்ணில் முறுக்குப் பிழிந்த தடத்தைக் காட்டினாள். ஜாக்கி எங்கே விழுந்தது, தன் கை எங்கே இருந்தது என்றும் காட்டினாள்.

சித்தப்பா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அச்சன்கோயில் ஏத்தத்துல சக்கரம் மாத்தியிருக்கேன்” என்றார் மெதுவாக. “வெறும் கைப்பிரேக்குல. நீ வண்டிக்குப் பின்னாலதான நின்ன? டார்ச்சு பிடிச்சுக்கிட்டு.”

“ஆமா.”

“அன்னைக்கு ஏன் ஓடல?”

“தெரியலை. கல்லு கில்லு தடுத்திருக்கும்.”

சித்தப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குளித்து வந்த எண்ணெய்த் தலையோடு அவர் அப்படி நின்றதை நான் பார்த்ததில்லை.

சித்தி திரும்பக் குனிந்தாள். ஜாக்கியை இறக்கினாள். நட்டுகளை இளக்கினாள். ஜாக்கியையும் மணையையும் வலப்பக்கச் சக்கரத்துக்கு அருகே, அச்சின் கீழே வைத்துத் திருகினாள். மாடசாமியைக் காலால் தொடாமல் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். சக்கரத்தைக் கழற்றி வண்டியின் அடியில் தள்ளினாள். அங்கே கிடந்த ஸ்டெப்னியை வெளியே இழுத்தாள். அதைத் தூக்கி மாட்டும்போது கனத்தில் தடுமாறினாள். சித்தப்பா பதறிக் கையை நீட்டினார்.

“தொடப்பிடாது” என்றாள். “ஆம்பளை ஒருத்தனும் கை வைக்கப்பிடாதுன்னு பேச்சு.”

சித்தப்பா நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். நான் கணக்கில் வராதவன் ஆகையால் கீழே கை கொடுத்தேன். அவள் காலைக் கொடுத்து நெம்பி மாட்டினாள். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, எதிரெதிராக இறுக்கினாள். வண்டியைக் கீழே இறக்கினாள். ஸ்பானர் மேல் ஏறி நின்று கடைசி இறுக்கு இறுக்கினாள். அடியில் கிடந்ததையெல்லாம் வெளியே எடுத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, “உலை வைக்கப் போறேன். பசியோட வந்திருப்பீங்க” என்று திரும்பினாள்.

“உலை கெடக்கட்டும்” என்றார் சித்தப்பா. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

ராவுத்தர் அவரைப் பார்த்தார். “வே, பேச்சு...”

“பேச்சு எனக்குந்தான தெரியும். நீரு சும்மா இரும்.” சாவியைச் சித்தியின் கையில் வைத்தார். “இந்த இடத்துல மாத்துன மாதிரிதான் எங்கயும் மாத்துவ. நான் மாத்துன மாதிரி மாத்த மாட்ட. ஏறு.”

“இப்பவா?”

“எனக்குத் தைரியம் இருக்கும்போதே ஏறு.”

சித்தி ஏறினாள். சாவியைத் திருகி ஸ்டார்ட்டரை மிதித்தாள். ஜீப் இருமி, செருமி, எழுந்தது. கைப்பிரேக்கை எடுத்தாள். ரிவர்ஸ் போட்டு, கிளச்சை விட்டாள். எஞ்சின் கத்தியது. ஜீப் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. இன்னும் கொஞ்சம் பெட்ரோலை அழுத்தினாள். வண்டி நடுங்கி, அணைந்துபோனது.

“என்ன, நகர மாட்டேங்குது?” என்றாள். முகம் வெளிறிவிட்டது. ஜீப்பைச் சுற்றி நின்ற நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முன்சக்கரத்தைப் பார்த்தோம். மாடசாமி தம் கடமையில் கண்ணாக இருந்தார்.

நான் குனியப் போனேன். சித்தப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றினார். இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தார். சாமி எளிதில் வரவில்லை. குளித்த உடம்பெல்லாம் செம்மண் ஆனது. கடைசியில் வந்த கட்டையை மாடக்குழிப் பக்கம் கொண்டுபோகவில்லை. ஜீப்பின் பின்னால் போய், ஸ்பானரும் ஜாக்கியும் இருக்கும் பெட்டியைத் திறந்து, கைக்கு எட்டும்படி மேலாக வைத்து மூடினார்.

“சுடலை, கேட்டத் திற” என்றார். பிறகு சித்தியைப் பார்த்து, “ரோட்டுல ஏறும்போது ரெண்டு பக்கமும் பாத்துக்கோ. மாட்டு வண்டிக்காரன் வழி விட மாட்டான், நீதான் விடணும்” என்றார்.

சித்தி இரண்டு பக்கமும் பார்த்தாள். ஜீப் பின்னோக்கி இறங்கியது.